கிணற்றுக்கு எத்தனை கிராம்?
தொற்றுநீக்கிக் கரைசல்களும் செறிவுக் கணக்கும்

மார்கழி வெள்ளம் வடிந்த கையோடு மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், வெருகல் பக்கமெல்லாம் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சனங்கள் கேட்கும் முதற் கேள்வி இது: "ஐயா, கிணத்துக்கு எத்தனை கரண்டி போடுறது?" நியாயமான கேள்விதான். ஆனால் எல்லாக் கிணற்றுக்கும் பொருந்தும் பதில் அதற்குக் கிடையாது. கையில் இருப்பது எந்தத் தூள், அதன் வலிமை எத்தனை வீதம், பையை எப்போது பிரித்தார்கள், கிணற்றின் விட்டம் என்ன, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பவை தெரியாமல் சொல்லும் கரண்டிக் கணக்கு வெறும் ஊகம். ஊகம் குறைந்தால் வயிற்றோட்டமும் செங்கமாரியும் வீட்டுக்குள் வரும். கூடினால் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் பிள்ளைகள் அயலிலுள்ள குளோரின் போடாத கிணற்றைத் தேடிப் போவார்கள். இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் முடியும்.

இந்த அத்தியாயத்தில் உள்ள கணக்குகளுக்குப் பெருக்கலும் வகுத்தலும் போதும். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அவரிடமே கொடுத்துச் செய்விக்கலாம். வேண்டிய கருவிகள்: கிராம் காட்டும் ஒரு சமையலறைத் தராசு, மில்லிலீற்றர் கோடிட்ட ஒரு குவளை, ஊசியில்லாத 5 மில்லிலீற்றர் சிறிஞ்சி ஒன்று, ஓர் அளவு நாடா.

வீதமும் பி.பி.எம்.மும்

குறித்த அளவு கரைசலுக்குள் எவ்வளவு பொருள் கரைந்திருக்கிறது என்பதே செறிவு. பொருளின் மொத்த அளவு வேறு, செறிவு வேறு. சமுத்திர நீரில் சராசரியாக ஒரு லீற்றருக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது, அதாவது 3.5 வீதம். மாரிகாலத்தில் மகாவலி பெருகி வந்து கொட்டியாரக் குடாவில் விழும் இடத்தில் நீரை வாயில் வைத்தால் உப்புக் குறைவாகத்தான் கரிக்கும். உப்பை யாரும் அள்ளிக்கொண்டு போகவில்லை. அதே உப்பு கூடுதலான நீரில் பரந்து கிடக்கிறது. இதைத்தான் ஐதாக்கல் என்கிறோம். குளோரின் தூளை வாளியில் போடுவதற்கும் கிணற்றில் போடுவதற்கும் உள்ள வித்தியாசமும் இதுவே.

ஒரு வீதக் கரைசல் என்றால் 100 மில்லிலீற்றரில் 1 கிராம். அதையே லீற்றருக்கு 10 கிராம் என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயத்தில் மனப்பாடம் செய்ய வேண்டியது இது ஒன்றுதான்.

மிகச் சிறிய செறிவுகளை வீதத்தில் சொன்னால் தசமப் புள்ளிக்குப் பின்னால் பூச்சியங்கள் கூடி எழுதும்போதே பிழை வரும். ஆகவே பி.பி.எம்., அதாவது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு வழக்கத்துக்கு வந்தது. தண்ணீரைப் பொறுத்தவரை 1 பி.பி.எம். என்பது லீற்றருக்கு 1 மில்லிகிராம். கூரைமேல் வைக்கும் கறுப்பு நிற 1,000 லீற்றர்த் தாங்கி நிறையத் தண்ணீர் விட்டு அதில் 1 கிராம் குளோரினைக் கரைத்தால் கிடைப்பது சரியாக 1 பி.பி.எம். ஒரு வீதம் என்பது 10,000 பி.பி.எம்.; 0.1 வீதம் 1,000, 0.5 வீதம் 5,000.

இனி, எந்த வேலைக்கு எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். குடிநீரில் மிஞ்சி நிற்க வேண்டிய குளோரின் 0.2 முதல் 0.5 பி.பி.எம். வரை. வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு ஒருமுறை கொடுக்கும் அதிர்ச்சி அளவு 50 முதல் 100. கழுவிய மீன்பெட்டிக்கும் வெட்டும் பலகைக்கும் 100. தொற்று நோயாளி இருந்த அறையின் மேசை, கதவுப்பிடி போன்றவற்றுக்கு 1,000. இரத்தமோ வாந்தியோ சிந்திய இடத்துக்கு 5,000. பொருள் ஒன்றுதான், ஆனால் குடிநீருக்கும் இரத்தம் சிந்திய தரைக்கும் இடையே பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். ஒரு கைப்பிடி என்ற அளவு இந்த இடைவெளியில் எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

செறிவு என்பது குளோரினோடு முடியும் சங்கதியும் அல்ல. வயிற்றோட்டக்காரருக்குக் கொடுக்கும் ஜீவனிப் பொதியில் ஒரு லீற்றர் நீரில் கரைக்கும்படி எழுதியிருந்தால், ஒரு லீற்றரில்தான் கரைக்க வேண்டும். அரை லீற்றரில் கரைத்தால் உப்பின் செறிவு இரட்டிப்பாகி, நீரிழந்த குழந்தைக்கு மேலும் கெடுதல் செய்யும். இரண்டு லீற்றரில் கரைத்தால் பயன் போதாது. தாய்மார் இதை நன்றாக அறிவார்கள். அதே கவனம் கிணற்றடிக்கும் வர வேண்டும்.

தூளில் எழுதியிருப்பது என்ன?

சுகாதாரப் பகுதியினர் டி.சி.எல். என்றும் சனங்கள் குளோரின் தூள் என்றும் சொல்வது ஒரே வலிமையுள்ள பொருளாக எப்போதும் இருக்காது. வெளிற்றும் தூள் என்ற பழைய வகையில், புதிதாக இருக்கும்போது, 30 முதல் 35 வீதம் கிடைக்கும் குளோரின், அதாவது தொற்றுநீக்கப் பயன்படும் குளோரின், உண்டு. கல்சியம் ஐப்போகுளோரைற்றுக் குறுணியில் 65 முதல் 70 வீதம். கடையில் போத்தலில் வரும் ப்ளீச் திரவம் சோடியம் ஐப்போகுளோரைற்று. பெரும்பாலும் 5 வீதத்தை அண்டியிருக்கும். தோட்டத்துக்கும் நீச்சல் தடாகத்துக்கும் விற்கும் வேறு குளோரின் வகைகளும் உண்டு. அவற்றில் சில குடிநீருக்கு உரியவை அல்ல. பெயரை நம்பாமல் பையில் அச்சிட்டிருக்கும் வீதத்தைப் பாருங்கள். வீதம் எழுதாத பொட்டலத் தூளைக் கிணற்றில் போட வேண்டாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு வாங்குவதே நல்லது.

இந்தத் தூள் துணி வெளுக்கப் பிறந்தது. ஸ்கொட்லாந்தில் சார்ல்ஸ் ரெனன்ட் 1799இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நோய்க்குக் காரணம் கிருமிகளே என்பது அப்போது நிறுவப்பட்டிருக்கவில்லை. 1847இல் வியன்னா மகப்பேற்று மனையில் இக்னாஸ் செமல்வைஸ் என்ற மருத்துவர், பிரேத அறையிலிருந்து பிரசவ அறைக்கு வரும் மருத்துவர்கள் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவ வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார். பிரேதத்தின் நாற்றம் கையை விட்டுப் போனதை வைத்துத்தான் அவர் அந்தக் கரைசலைத் தேர்ந்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த தாய்மார் மரணம் யூனில் இரண்டளவுக்கு இறங்கியது. அவருக்கு வேறு அளவுகோல் இல்லாததால் மூக்கை நம்பினார். நமக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. குளோரின் மணக்கிறது என்பதால் போதிய குளோரின் இருக்கிறது என்று ஆகாது. வியர்வை, சிறுநீர் போன்ற அமோனியாக் கழிவுகளோடு குளோரின் சேரும்போது உண்டாகும் குளோரமைன்களே பெரும்பாலும் அந்தக் காரமான மணத்துக்குக் காரணம். கிருமியைக் கொல்லும் வேகம் அவற்றுக்கு மிகக் குறைவு.

தூளின் வலிமை நாளோடு குறையும். வெப்பம், ஈரம், வெளிச்சம், காற்று எல்லாம் அதற்குப் பகை. கச்சான் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை திருகோணமலையின் வெக்கை நமக்குத் தெரியும். தகரக் கூரைக் களஞ்சியத்தில், வாய் கட்டாத பையில், ஒரு கச்சான் காலம் முழுக்கக் கிடந்த தூளை மாரி வெள்ளத்துக்கு எடுத்தால், பையில் எழுதியிருக்கும் 30 வீதத்தை நம்ப முடியாது. கட்டிபட்டு, நீர் கசிந்து, மணம் மங்கிய தூள் வலிமை இழந்த தூள். பையைப் பிரித்த நாளை அதன்மேல் எழுதுங்கள். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் மாற்றி, வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில், நிலத்தில் படாமல் வையுங்கள். இரும்பு, தகரப் பாத்திரம் வேண்டாம். குளோரின் அவற்றை அரிக்கும், அரிக்கும்போது தானும் அழியும்.

கிணற்றை அளத்தல்

கிணற்று நீரின் அளவைக் கண்டுபிடிக்க விட்டத்தை மீற்றரில் அளந்து, அதே எண்ணால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 0.785 ஆல் பெருக்கினால் கன மீற்றர் கிடைக்கும். அதை 1,000 ஆல் பெருக்க லீற்றர். நீரின் ஆழத்தை அளக்கக் கயிற்றில் கல்லைக் கட்டி அடிவரை இறக்குங்கள். நனைந்த நீளமே ஆழம்.

உதாரணத்துக்கு நிலாவெளி மணற்பாங்கில் கொங்கிறீற்று வளையம் இறக்கிய ஒரு கிணற்றை எடுப்போம். விட்டம் 1.2 மீற்றர், நீர் 2 மீற்றர். 1.2 × 1.2 × 2 × 0.785 = 2.26 கன மீற்றர், அதாவது 2,260 லீற்றர்.

வெள்ளம் புகுந்த கிணறு என்பதால் 50 பி.பி.எம். கொடுக்கிறோம். 2,260 லீற்றருக்கு லீற்றருக்கு 50 மில்லிகிராம் வீதம் 1,13,000 மில்லிகிராம், அதாவது 113 கிராம் குளோரின் வேண்டும். கவனியுங்கள், இது தூளின் நிறை அல்ல. தூளுக்குள் இருக்கும் குளோரினின் நிறை. 70 வீதத் தூளானால் 113ஐ 0.7 ஆல் வகுக்க 161 கிராம். 30 வீதத் தூளானால் 0.3 ஆல் வகுக்க 377 கிராம். 5 வீதத் திரவமானால், அதில் லீற்றருக்கு 50 கிராம் இருப்பதால், இரண்டேகால் லீற்றர். ஒரே கிணறு, ஒரே தேவை. ஆனால் தூள் மாறியதும் எடை இரண்டு மடங்குக்கு மேல் மாறிவிட்டது. அயல்வீட்டுக்காரர் போட்ட அளவை அப்படியே பின்பற்றுவது ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தூளைக் கிணற்றில் நேரே தூவாதீர்கள். அது அடியில் போய்ப் படிந்து கிடக்கும். பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர் எடுத்து, அதற்குள் தூளைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்குங்கள். தூளின்மேல் தண்ணீரை ஊற்றினால் சூடேறித் தெறிக்கும். அரைமணி நேரம் விட்டால் சுண்ணாம்பு அடியில் தங்கும். தெளிவை மட்டும் இன்னொரு வாளிக்கு வடித்துக் கிணற்றில் ஊற்றி, வாளியை இறக்கி ஏற்றி நன்றாகக் கலக்குங்கள். உட்சுவரிலும் அதே கரைசலைத் தேயுங்கள். கையுறையும் மூக்கும் வாயும் மறைக்கும் துணியும் அணிந்து, காற்று உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று செய்யுங்கள்.

ஊற்றுவதற்கு முன்

குளோரின் கிருமிக்கும் சேற்றுக்கும் பேதம் பார்க்காது. எதிர்ப்படும் இலைச்சருகு, மண், மலம், பாசி எல்லாவற்றோடும் வினைப்பட்டுத் தன்னைச் செலவழித்துவிடும். சேறு கலங்கிய நீரில் 113 கிராமைக் கொட்டினால் சேறு அதைக் குடித்துவிடும், கிருமிக்கு மிஞ்சாது. தெளிந்த போத்தலில் நீரை எடுத்து, அதன் பின்னால் பத்திரிகை ஒன்றைப் பிடியுங்கள். எழுத்தை வாசிக்க முடியாத அளவுக்குக் கலங்கியிருந்தால் முதலில் இறைக்க வேண்டும், சேற்றை அள்ள வேண்டும், கட்டையும் சுவரையும் தேய்த்துக் கழுவ வேண்டும். வெடிப்பை அடைத்து, கிணற்றைச் சுற்றி நீர் தேங்காதபடி மேடாக்க வேண்டும். நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: சுத்தம் செய்யாமல் போடும் குளோரின், போட்டோம் என்ற மனத்திருப்தியைத் தரும். ஆபத்தே அந்தத் திருப்திதான்.

இறைப்பதில் இரண்டு விடயங்களை மறக்கக் கூடாது. மண்ணெண்ணெய், பெற்றோல் பம்பியைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு மணமில்லாமல் நிறைந்து, உள்ளே இறங்கியவரையும் அவரைத் தூக்கப் போனவரையும் சேர்த்துக் கொல்லும். இலங்கையில் கிணறு துப்புரவாக்கும்போது இப்படி உயிர் போவது திரும்பத் திரும்ப நடக்கிறது. குளோரின் போட்ட கிணற்றுக்குள் இறங்குவதும் அதுபோலவே கூடாது.

இரண்டாவது, கரையோரக் கிணற்றை அளவுக்கு மீறி இறைக்கக் கூடாது. இதை நமக்குக் கற்பித்தது 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை கிண்ணியா, மூதூர், குச்சவெளி உட்பட கிழக்குக் கரையெங்கும் கிணறுகளுக்குள் கடல்நீரையும் சேற்றையும் மலசலகூடக் கழிவையும் கொண்டுவந்து கொட்டியது. கிண்ணியா வைத்தியசாலையே அழிந்தது. நிவாரணத்துக்கு வந்தவர்கள் நல்ல மனதோடு பம்பி வைத்துக் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். ஆனால் மணற்பாங்கில் நன்னீர் என்பது அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதக்கும் ஒரு படை. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் நன்னீரைத் தாங்கும் என்பது நிலத்தடி நீரியலில் நூறாண்டுக்கு மேற்பட்ட கணக்கு. மேல்மட்டத்தை இழுத்து இறக்கினால் உப்புநீர் அடியிலிருந்து ஏறி வரும். அக்காலத்தில் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரக் கிணறுகளை ஆராய்ந்த சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகத்தினர், உப்பை வெளியேற்றியதில் பெரும்பங்கு மழைக்கே உரியது என்றும், மீண்டும் மீண்டும் இறைப்பதால் உப்பு நீங்குவது அரிது, கெடுதலும் நேரலாம் என்றும் கண்டார்கள். ஆகவே சேறு போகும் அளவுக்கு மெதுவாக இறையுங்கள், அத்தோடு நிறுத்துங்கள். குளோரின் கிருமியைக் கொல்லுமே தவிர உப்பை நீக்காது. உப்புக் கரிக்கும் கிணற்றுக்குக் குளோரினைக் கூட்டிப் போடுவதில் ஒரு பயனும் இல்லை.

காத்திருத்தலும் பரிசோதித்தலும்

செறிவு பாதி வேலை. நேரம் மீதிப் பாதி. குறைந்த செறிவில் நீண்ட நேரமும், கூடிய செறிவில் குறுகிய நேரமும் ஏறத்தாழ ஒரே பலனைத் தரும். அதனால்தான் அதிர்ச்சி அளவு போட்ட கிணற்றை இரவு முழுக்க, பன்னிரண்டு மணித்தியாலமாவது, யாரும் அள்ளாமல் விட வேண்டும். கயிறையும் வாளியையும் கழற்றி, மூடி, பிள்ளைகள் கிட்ட வராமல் பாருங்கள். மறுநாள் இறைக்கும் நீரை வயலிலும் வாய்க்காலிலும் விடாதீர்கள். தம்பலகாமக் குடாவின் கண்டற்காட்டுக்குள்ளும் போக விடாதீர்கள். நமக்குச் சிறிதாகத் தோன்றும் குளோரின் மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சு. வெற்று நிலத்தில் பரவ விட்டால் வெயிலில் அழிந்துவிடும்.

குடிக்கும் தகுதி வந்துவிட்டதா என்பதை நாக்கால் தீர்மானிக்க முடியாது. டி.பி.டி. மாத்திரை ஒன்றைச் சோதனைக் குழாயிலுள்ள நீரில் கரைத்தால் எஞ்சிய குளோரினுக்கு ஏற்ப இளஞ்சிவப்பு நிறம் ஏறும். அட்டையிலுள்ள நிறத்தோடு ஒப்பிட்டு எண்ணை வாசிக்கலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இந்தப் பெட்டி இருக்கும். கிராம அபிவிருத்திச் சங்கமோ பள்ளிவாசல், கோயில் நிருவாகமோ ஒரு பெட்டி வாங்கி வைத்தால் ஒரு கிராமமே பயன்பெறும். ஒலிபெருக்கிக்குச் செலவழிக்கும் சங்கத்துக்கு இது பெரிய தொகை அல்ல.

அதிர்ச்சி அளவு போட்டு இறைத்தபின், நாளாந்தப் பாவனைக்கு எவ்வளவு போடுவது? இங்கேதான் ஒவ்வொரு கிணற்றின் குணமும் வேறுபடும். ஒரு கிணறு போட்ட குளோரினைத் தன் அழுக்குக்காக அதிகம் குடிக்கும். பக்கத்துக் கிணறு குறைவாகக் குடிக்கும். பிரித்தானிய இராணுவ மருத்துவர் வில்லியம் ஹொராக்ஸ் முதலாம் உலகப்போர்க் காலத்துப் படைகளுக்காக வகுத்த ஒரு சோதனை, சற்று மாற்றப்பட்ட வடிவில், இன்றும் அனர்த்த நிவாரணப் பணியில் பயன்படுகிறது. முதலில் ஒரு வீதத் தாய்க்கரைசல் தயாரியுங்கள். லீற்றருக்கு 10 கிராம் குளோரின் வேண்டும் என்பதால் 70 வீதத் தூளில் 14 கிராமுக்குச் சற்று மேல், 30 வீதத் தூளில் 33 கிராம். பிறகு கிணற்று நீர் 20 லீற்றர் வீதம் நான்கு பிளாஸ்டிக் வாளிகளில் எடுத்து, சிறிஞ்சியால் 1, 1.5, 2, 2.5 மில்லிலீற்றர் தாய்க்கரைசல் விடுங்கள். தாய்க்கரைசலின் ஒவ்வொரு மில்லிலீற்றரிலும் 10 மில்லிகிராம் இருப்பதால், இவை முறையே 0.5, 0.75, 1, 1.25 பி.பி.எம். கலக்கி அரைமணி நேரம் மூடி வைத்து, ஒவ்வொன்றிலும் எஞ்சிய குளோரினைப் பாருங்கள். எந்த வாளியில் 0.2க்கும் 0.5க்கும் இடையே நிற்கிறதோ அதுவே உங்கள் கிணற்றுக்கு உரிய அளவு. மூன்றாம் வாளி சரியென்றால் 1 பி.பி.எம்.; 2,260 லீற்றருக்கு 2.26 கிராம் குளோரின். தாய்க்கரைசலில் 226 மில்லிலீற்றர். நான்கிலும் நிறமே ஏறாவிட்டால் கிணறு இன்னும் சுத்தமாகவில்லை என்று பொருள், திரும்பவும் துப்புரவாக்குங்கள்.

தாய்க்கரைசலை மூடிய, ஒளி புகாத பிளாஸ்டிக் கானில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். அதிலிருந்து ஐதாக்கிய கரைசலை அன்றன்றே தயாரியுங்கள்.

குளோரினுக்கு அடங்காத கிருமிகளும் உண்டு. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி தன் கடினமான ஓட்டுக்குள் இருந்துகொண்டு குடிநீரிலுள்ள குளோரினைச் சட்டை செய்யாது. 1993இல் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில், சுத்திகரித்துக் குளோரினிட்ட குழாய்நீராலேயே ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் வயிற்றோட்டத்தால் விழுந்தார்கள். கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் கொடுக்கும் நீரை, குளோரின் போட்டிருந்தாலும், கொதிக்க வைத்தே கொடுங்கள்.

மீன்வாடியும் மீன்பெட்டியும்

கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலும் திருக்கடலூர்க் கரையிலும் இறங்கும் மீன், லொறியேறித் தூர இடங்களுக்குப் போகும்வரை எத்தனை பெட்டி, எத்தனை பலகை, எத்தனை கை மாறுகிறது! அந்த ஒவ்வொன்றையும் 100 பி.பி.எம். கரைசலால் நனைக்க அதிகம் செலவாகாது. 5 வீத ப்ளீச்சிலிருந்து எடுத்தால், 5 வீதம் 50,000 பி.பி.எம்.; 50,000ஐ 100 ஆல் வகுக்க 500. ஆகவே 500 மடங்கு ஐதாக்க வேண்டும். பத்து லீற்றர் வாளிக்கு 20 மில்லிலீற்றர் போதும். தாய்க்கரைசல் இருந்தால் அதே வாளிக்கு 100 மில்லிலீற்றர்.

மடங்கு என்ற சொல்லில் ஒரு பொறி இருக்கிறது. ஐந்து மடங்கு ஐதாக்குவது என்றால் ஒரு பங்கு மருந்தும் நாலு பங்கு தண்ணீரும், மொத்தம் ஐந்து. ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டால் ஆறு மடங்காகிவிடும். 500 மடங்கில் இந்த வித்தியாசம் பொருட்டல்ல. ஐந்து மடங்கில் அது பெரிது.

பெட்டியை முதலில் சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்துச் செதிலும் இரத்தமும் போகக் கழுவி அலச வேண்டும். சேறு கிணற்றுக் குளோரினைக் குடிப்பதுபோல மீன் இரத்தம் இந்தக் கரைசலைக் குடிக்கும். கழுவியபின் கரைசலில் பத்து நிமிடமாவது நனைய விட்டு, நல்ல தண்ணீரில் அலசி, கவிழ்த்துக் காய விடுங்கள். வாளியிலுள்ள கரைசல் கலங்கினால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். மேலும் ஒரு மூடி ப்ளீச் விட்டுச் சமாளிப்பது சரிவராது. கீறல் விழுந்த றெஜிபோம் பெட்டியும் கத்திவெட்டு விழுந்த மரப்பலகையும் எந்தச் செறிவுக்கும் அடங்காதவை. கீறலுக்குள் ஒளியும் கொழுப்பைக் குளோரினால் எட்ட முடியாது. அவற்றைக் கழித்துவிட்டு, வழுவழுப்பான கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு மாறுங்கள். துறைமுகத்தில் படகு நிற்கும் இடத்து நீரை அள்ளி மீனைக் கழுவும் பழக்கத்தையும் விட வேண்டும். எண்ணெயும் படகின் அடிக்கழிவும் அதில்தான் இருக்கின்றன.

சூரை, அறுக்குளா போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்ரமின் உண்டாகிவிடும். சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பெல்லாம் தடிக்கும். குளோரினால் கழுவினாலும் சமைத்தாலும் அது போகாது. அதற்கு மருந்து பிடித்தவுடனே போடும் ஐஸ்தான். அந்த ஐஸும் குடிநீரில் உறைய வைத்ததாக இருக்க வேண்டும்.

மற்றத் தொற்றுநீக்கிகளைப் பற்றிச் சுருக்கமாக. கைக்குப் பூசும் மதுசாரம் 70 முதல் 80 வீதம் வரை இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும். 96 வீதம் இன்னும் திறமாக இருக்கும் என்று நினைப்பது பிழை. கிருமியின் புரதத்தைக் குலைக்கச் சிறிது நீரும் வேண்டும். 96 வீத எதனோல் 8,333 மில்லிலீற்றரை 10 லீற்றராக நிரப்பினால் 80 வீதம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம். 96ஐ 8,333 ஆல் பெருக்கி 10,000 ஆல் வகுத்துப் பாருங்கள், அதே கணக்குத்தான். போத்தல் சாராயத்தில் மதுசாரம் மூன்றிலொரு பங்கு அளவே என்பதால் அது கைக்கும் காயத்துக்கும் உதவாது. கொவிட் காலத்தில் ஆட்கள்மீதும் தெருக்களிலும் குளோரின் விசிறுவதை நாம் கண்டோம். 2020 மே மாதத்திலேயே உலக சுகாதார நிறுவனம் அதைச் செய்ய வேண்டாம் என்றது. தெருப் புழுதி குளோரினைச் செயலிழக்கச் செய்யும். ஆளின் கண்ணும் மூச்சுக்குழாயும் புண்படும்.

கலக்கக் கூடாதவை

குளோரின் கரைசலோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மலசலகூடம் கழுவும் ஹார்பிக்கில் அமிலம் இருக்கிறது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று ஊற்றி, கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்தால் நெஞ்சு அடைக்கும். தேசிப்புளி, வினாகிரி ஆகியவையும் அமிலமே. அமோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவத்தோடும் குளோரின் சேரக் கூடாது. சவர்க்காரத்தால் கழுவி அலசியபின் குளோரின் என்ற ஒழுங்கு போதும். இரண்டு மருந்து சேர்த்தால் இரட்டைப் பலன் கிடைக்காது. தப்பித்தவறிக் கலந்து புகை எழுந்தால், உடனே வெளியே காற்றோட்டத்துக்கு வாருங்கள். கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள்.

கரைசலைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பது நம் வீடுகளில் நடக்கும் மிக ஆபத்தான காரியம். ஒவ்வொரு கானிலும் பொருளின் பெயர், செறிவு, தயாரித்த தேதி மூன்றையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தியெடுக்க வைக்காதீர்கள். இறங்கும்போது சுட்ட தொண்டை ஏறும்போதும் சுடும். 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அந்தப் போத்தலையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 0.1 வீதமா 5 வீதமா என்பதைப் பொறுத்துத்தான் மருத்துவர் அடுத்து என்ன செய்வதென்று முடிவெடுப்பார்.